அஸ்திவாரத்தில் குடியிருந்தவர்கள்

நம் பள்ளிக் குழுவில் தினமும் பேரன் பேத்தி படங்கள் வருகின்றன. முழங்கால் வலிக்குத் தைலம் சொல்கிறீர்கள், காலை வணக்கத்துக்குப் பூ அனுப்புகிறீர்கள். நானும் பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என் தம்பி குன்னூரிலிருந்து ஒரு படம் அனுப்பினான். எங்கள் பழைய வீட்டின் பின்னறைச் சுவர். தரையிலிருந்து ஜன்னல்வரை கோணலாக ஏறிப்போகும் ஒரு விரிசல். வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடலாம் என்று பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டிருக்கிறான். பழைய பூச்சைச் சுரண்டியதும் இது வெளியே வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “அக்கா, அந்த சிலோன்காரங்க குடியிருந்து ஊட்டைக் கெடுத்தாங்கன்னு அப்பா சொல்வாரே, அந்த விரிசல்தானே இது?”

அந்தக் காலத்தில் அவன் தொட்டிலில் கிடந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்ன கதை. நான் பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில் “இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டு” என்று மட்டும் அனுப்பினேன்.

மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் சிலருக்காவது அவளை நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் ஜன்னலோரமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கரும்பலகையில் கணக்கு டீச்சர் போட்ட விடை தப்பு என்று எழுந்து நின்று சொன்னவள். டீச்சர் கோபப்படாமல் சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்தார். அரைப்பரீட்சைக்கு முன்னால் அவள் வருவது நின்றுபோனது. எங்கே போனாள் என்று நீங்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டீர்கள், அவள் குடும்பம் எங்கள் வீட்டில் குடியிருந்ததால். மஞ்சூர் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஓர் எஸ்டேட் குமாஸ்தாவுக்காகக் கட்டியது. சரிவில் நிற்கும் வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் தரையோடு தரையாக இருக்கும். பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் அஸ்திவாரம் எழும்பி நிற்கும். கல்லுக்கு நடுவே சிமென்ட் கிடையாது, மண்சாந்துதான். அந்த அஸ்திவாரத்துக்குள், எங்கள் காலடியில், ஓர் அறை இருந்தது. ஒரு கதவு, கையகல ஜன்னல். பெரியவர்கள் உள்ளே போனால் குனிந்தபடியே நிற்க வேண்டும். அந்த அறையின் கூரைதான் எங்கள் பின்னறையின் பலகைத் தரை.

அப்பா கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து பஜாரில் மளிகைக் கடை வைத்தவர். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, முகாமில் கிடந்து, வேலை தேடி மலைக்கு வந்த ஒரு குடும்பத்தை அவர்தான் அந்தக் கீழறையில் குடிவைத்தார். புருஷன், பெண்டாட்டி, ஒரு மகள். புருஷன் கடையில் மூட்டை தூக்கினார். மனைவி எங்கள் சமையலறையில் அம்மாவுக்கு உதவினாள். வாடகை கிடையாது. அதை அப்பா எல்லோரிடமும் சொல்வார். “பாவம், நாடு உட்டு நாடு வந்தவங்க. சும்மாதான் உட்டிருக்கறன்” என்பார். அந்த இரண்டு பேரின் வேலைக்கும் கூலி கிடையாது, சாப்பாடும் பழைய துணியும்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அந்த அம்மாளை நான் கீழூட்டக்கா என்று கூப்பிடுவேன். தேங்காயைத் துருவி, காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து இடித்து, எலுமிச்சை பிழிந்து சம்பல் செய்வாள். அந்த வாசனை பலகை இடுக்கு வழியாக எங்கள் அறைக்குள் ஏறி வரும். கூடவே விறகுப் புகையும் வரும். என் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையில், மரக்கணு கழன்று விழுந்த ஓட்டை ஒன்று இருந்தது. நான் தரையில் கவிழ்ந்து படுத்து அதில் கண்ணை வைப்பேன். கீழே சிம்னி விளக்கும், பாடப் புத்தகமும், அவள் வகிடும் தெரியும். “ஏய்” என்பேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “கணக்கு முடிச்சிட்டியா?” என்பாள். பலப்பம், புளியங்கொட்டை, பாதி கடித்த மிட்டாய் எல்லாம் அந்த ஓட்டை வழியாக இறங்கியிருக்கின்றன. கீழிருந்து மேலே எதுவும் வராது. அவள் குச்சியில் செருகி நீட்டினால்தான் உண்டு.

பள்ளிக்கு மழையில் போகும்போது எங்கள் இருவருக்கும் ஒரே கம்பளி. அங்கே சிலோன் தேயிலை மலையில் அவள் அம்மா தலையில் போட்டுக் கொழுந்து பறித்த கறுப்புக் கம்பளி. அதற்குள் புகையும் ஈரமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். எனக்குக் குடை இருந்தது. நான் அதை விரித்ததே இல்லை.

தம்பி பிறந்தான். பெண்ணுக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆண்பிள்ளை. அந்தச் சந்தோஷத்தில் அப்பா வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கக்கூஸும் கட்ட முடிவு செய்தார். அதுவரை எங்களுக்குச் சமையலறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டாய்தான் குளிக்கிற இடம். புதுசு பின்னறை மூலையை ஒட்டித்தான் வரவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். கொத்து வேலைக்கு வந்த மேஸ்திரி, “இந்த மூலை மண்ணு போட்டு ரொப்புன எடமுங்க. சமையல்கட்டுப் பக்கம் கட்டிக்கலாமுங்க” என்று சொல்லிப் பார்த்தார். அப்பா, “ரூமோட சேந்து இருந்தாத்தான் அது பாத்ரூம். இல்லீன்னா கொட்டாய்க்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார்.

வெள்ளை ஓடு பதித்த அறை அது. சுவரில் உயரத்தில் ஒரு இரும்புத் தொட்டி, அதில் தொங்கும் சங்கிலி. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போவார். “இழுத்துப் பாருங்க” என்பார். வந்தவர் தயங்கி இழுப்பார். தண்ணீர் இரைந்து இறங்கும். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை சிரித்தபடி நிற்பார். அப்பாவிடம் அப்படி ஒரு சிரிப்பை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது பின்னறைக் கதவு சாத்த வரவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றார் அப்பா. பிறகு என் கோலிக்குண்டு தரையில் வைத்தால் தானாகவே உருண்டு அந்த மூலைக்குப் போனது. எனக்கும் அவளுக்கும் அது பெரிய வேடிக்கை. எந்த இடத்தில் வைத்தாலும் அதே மூலை. “உங்க ஊடு கப்பல் மாதிரி சாயுது” என்றாள் அவள். கப்பலில் வந்தவள் அவள்தான். எனக்கு அது எப்படிச் சாயும் என்று தெரியாது.

பிறகு சுவரில் விரிசல் வந்தது. முதலில் தலைமுடி அளவு. அப்புறம் அம்மா தன் தாலிக்கொடியைத் தொட்டுக்கொண்டு பார்க்கும் அளவுக்கு. மேஸ்திரி வந்து விரிசலின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். “கண்ணாடி ஒடைஞ்சா ஊடு இன்னும் நகருதுன்னு அர்த்தமுங்க. ஒடையாம இருந்தா நின்னுபோச்சு” என்றார். காலையில் எழுந்ததும் நான் முதலில் அந்தக் கண்ணாடிகளைத்தான் பார்ப்பேன். ஓட்டைக்குள் வாய் வைத்து, “ஒண்ணு ஒடைஞ்சிருச்சு” என்று சொல்லுவேன். எங்களுக்கு அதில் பயமே இல்லை.

அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அரசாங்கத்தில் ரோடு வேலைக்கு ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் மஃப்ளர், கையில் பிடி வளைந்த தடி. அவரை அப்பா கூட்டி வந்தார். அவர் பின்பக்கம் இறங்கினார். கீழறைக்குள் குனிய முடியாமல் வெளியிலேயே நின்றார். கீழூட்டக்கா அங்கே துணி பிழிந்துகொண்டிருந்தாள். சுவரை ஒட்டி அவள் கொத்தமல்லியும் புதினாவும் பாத்தி கட்டியிருந்தாள். மழைத் தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிச் சரிவுப் பக்கம் விட்டிருந்தாள். ஓவர்சீயர் தடியால் அந்த வாய்க்காலைத் தட்டினார்.

“ஏனுங்க, அஸ்திவாரத்துக் கால்லயே தண்ணிய உட்டுட்டு இருக்கறாங்களே! வாய்க்கா வெட்டி, பாத்தி கட்டி, தொவைச்சு ஊத்தி... மண்ணு ஊறாம என்னுங்க பண்ணும்?”

“மழைத் தண்ணி உள்ள வராம இருக்கத்தாங்க ஐயா வாய்க்கா வெட்டுனோம்” என்றாள் கீழூட்டக்கா.

ஓவர்சீயர் அவள் பக்கம் திரும்பவில்லை. “இவங்களக் காலி பண்ணச் சொல்லிட்டு, அஸ்திவாரத்தக் காய உடுங்க. தானா நின்னுரும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க மேலே வந்தார். குளியலறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பிக்குப் பிறகு அவரும் அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து அப்பா கீழூட்டக்காவின் புருஷனை முன்வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“உன்ற நல்லதுக்குத்தாம்ப்பா சொல்றன். செவுரு உழுந்தா கீழ இருக்கற நீங்கதான் மொதல்ல நசுங்குவீங்க.”

அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். “மழை ஓஞ்சதும் போயிர்றோம் ஐயா. புள்ளைக்குப் பரீட்சை வருது.”

“மழைலதாம்ப்பா ஊடு உழுகும். வெயில்லயா உழுகும்?”

புருஷனுக்குப் பின்னால் கீழூட்டக்கா வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

“அங்க நாங்க வந்துதான் மலை கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க ஐயா. எங்க தாத்தா வெட்டின மலை அது. இங்கயும் நாங்க வந்துதான் செவுரு வெடிச்சுச்சுங்கிறீங்க. அப்ப நாங்க எங்கதான் நிக்கிறது?”

அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அது சரியாகச் சாத்தவில்லை. தோளால் ஒரு இடி இடித்துச் சாத்தினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள். “ஏனுங்க, அந்தப் புள்ளைய மட்டும் முழுப்பரீட்சை வரைக்கும் நம்மூட்லயே வெச்சுக்கலாமுங்க. நம்ம புள்ளையோட படுத்துக்கும். நெம்ப நல்லாப் படிக்குதுன்னு டீச்சரே சொல்றாங்க.”

“அப்பறம் ஆத்தாளும் அப்பனும் புள்ளையப் பாக்க வருவாங்க. வந்தாப் போவாங்களா?” என்றார் அப்பா. “ரசம் ஊத்து.”

அம்மா ரசம் ஊற்றினாள்.

அவர்கள் போன அன்று காலையில் மழை. மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு துணி மூட்டை, தேங்காய் துருவும் பலகை. கப்பலில் அவர்களோடு வந்த பலகை அது, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. நான் படுக்கையிலிருந்து இறங்கி ஓட்டையில் கண்ணை வைத்தேன். கீழே அவள் முகம் மேலே நிமிர்ந்து எனக்காகக் காத்திருந்தது.

“நீ கம்பளிய வச்சுக்கிறியா?” என்று கேட்டாள்.

“வேண்டாம். உனக்கு நனையும்.”

“அங்க போயும் ஸ்கூல் இருக்குமாம். அப்பா சொன்னாரு.”

“இருக்கும்” என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. நான் வாசலுக்கு ஓடி வந்தபோது மூன்று பேரும் கம்பளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் போன பிறகும் வாசலிலேயே நின்றாள்.

அடுத்த நாளே ஆட்கள் வந்து கொத்தமல்லிப் பாத்தியைக் கொத்திப் போட்டார்கள். வாய்க்காலை மண் போட்டு மூடினார்கள். கற்பூர மரக்கட்டைகளைக் கொண்டுவந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதன் தைல வாசனை வீடு முழுவதும் ஏறியது. இன்றைக்கும் யாராவது சளிக்கு அந்தத் தைலத்தைத் தடவினால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

கீழே யாரும் இல்லை. யாரும் துவைக்கவில்லை, சமைக்கவில்லை. கண்ணாடித் துண்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. மேஸ்திரி புதிதாக ஒட்டுவார். ஓரிரு நாளில் அதுவும் குறுக்கே கீறிப்போகும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஓட்டையில் கண் வைத்தால் இருட்டுதான் தெரிந்தது, ஈரமண் வாடை வந்தது. கடைசியில் அப்பாவே, “சரி, தோண்டித்தான் பாருங்களேன்” என்றார்.

அந்த மூலையில் வெளிப்பக்கமாகக் குழி தோண்டினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்பு இலைப்பொடி தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் குழிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அஸ்திவாரக் கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்த மண்சாந்து கூழாகிக் கல்லுக்குக் கல் ஆடியது. மேஸ்திரி கையை வைத்து ஒரு கல்லை அசைத்துக் காட்டினார். அப்போது கல் இடுக்கிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. முதலில் சொட்டாக, பிறகு கோடாக. வெதுவெதுப்பான தண்ணீர். குழியிலிருந்து ஆவி எழும்பியது. அதன் நிறம் பச்சை. மேலே நுரை மிதந்தது. அரப்பு வாசனை என் முகத்தில் அடித்தது.

மேஸ்திரி இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினார். குளியலறையிலிருந்து இறங்கும் குழாய் வாய் பிளந்து கிடந்தது. புதுக்கட்டடம் அமுங்கியபோது இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கட்டி முடித்த சில வாரங்களிலேயே விட்டிருக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. நாங்கள் குளித்த தண்ணீரும், விருந்தாளிகள் சங்கிலியை இழுத்துப் பார்த்த தண்ணீரும் அத்தனையும் அந்த மூலைக்குள்தான் போயிருக்கின்றன.

அம்மா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். குழியைப் பார்த்தாள். தன் கூந்தலிலிருந்து போன தண்ணீர் அங்கே தேங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடி வாங்கியவள் முகம்போல இருந்தது.

“ஆள் அனுப்பி அவங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். “கொழாய மாத்திட்டு மூடு. கல்லு மாத்தறதக் கையோட பண்ணிரு.”

“நான் சொன்னது காதுல உழுந்துச்சுங்களா?”

“ஊருக்கெல்லாம் அவங்களாலதான்னு சொல்லியாச்சு. இப்பப் போயி என்னன்னு சொல்றது? எம்பட பாத்ரூம்தான் ஊட்டைத் தின்னுச்சுன்னா?” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, “நீ என்ன இங்க நின்னுட்டு? உள்ள போ” என்றார்.

வீட்டைச் சரிசெய்ய வெகுநாள் ஆனது. ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் இறங்கிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, பழைய கல்லை எடுத்துப் புதுக்கல் வைத்து, சிமென்ட் ஊற்றி, அது இறுகிய பிறகு பக்கத்தில் தோண்டினார்கள். விரிசலுக்குள் சாந்தைத் திணித்துப் பூசி வெள்ளையடித்தார்கள். வீடு நின்றது. யார் வந்தாலும் அப்பா கதையைச் சொல்வார். சிலோன்காரங்களைப் பாவம் பார்த்துக் குடிவைத்ததையும், அவர்கள் தண்ணீர் விட்டு அஸ்திவாரத்தைக் கரைத்ததையும், தான் நல்ல சமயத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றியதையும் சொல்வார். வருஷம் போகப் போக அந்தக் கதையில் வாய்க்கால் பெரிதானது. கடைசியில் அவர்கள் கீழே வாழைத் தோட்டமே போட்டிருந்ததாகச் சொன்னார். குன்னூர்க் குளிரில் வாழை! கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

அம்மா மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்த வெள்ளை ஓட்டு அறையில் அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் குளிக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, சாகும்வரை அங்கேதான் குளித்தாள். மார்கழிப் பனியிலும், காய்ச்சல் விட்ட மறுநாளும் வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவாள். அப்பா ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயமாக இருக்கும்.

இத்தனை காலம் நான் அப்பாவுக்காக மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அனுப்பும்போது அவருக்குத் தெரியாது. ஓவர்சீயர் சொன்னதை நம்பினார். தெரிந்த பிறகு மானம் தடுத்தது. மனிதர்கள் செய்வதுதான். இப்படியே வைத்துக்கொண்டு நானும் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அம்மா போய்ச் சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்காகப் பிக்கட்டி போயிருந்தேன். திரும்பும்போது மஞ்சூரில் பஸ்ஸுக்கு நின்றேன். தேயிலைக்குப் போய்விட்டு வந்த பெண்கள் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, முன்பல் ஒன்று இல்லை, விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. எழுந்து வந்து, “கணக்கு முடிச்சிட்டியா?” என்று கேட்டாள்.

அவளே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். பணம் கொடுக்க விடவில்லை. மஞ்சூர் வந்ததும் பள்ளிக்கூடம் தூரம் என்று கொஞ்ச நாள் தள்ளிப் போட்டார்களாம். அப்புறம் அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, அம்மா பேரில் இவள் கொழுந்து பறிக்க இறங்கிவிட்டாளாம். அவள் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. இரண்டு மகன்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில். வருத்தம் எதுவும் காட்டாமல், வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள்.

என்னால் அடக்க முடியவில்லை. குழியைப் பற்றிச் சொன்னேன். குழாய் உடைந்திருந்ததையும், எங்கள் தண்ணீர்தான் என்பதையும், அம்மா அவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னதையும் சொன்னேன். “நீங்க போன பின்னாலதான் அப்பாவுக்கே தெரிஞ்சது” என்றேன்.

அவள் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டாள். பிறகு கொஞ்சம் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

“பின்னால இல்லியே. அந்தத் தடி வச்ச ஆளு வந்துட்டுப் போன மறுநாளே எங்கப்பா சொன்னாரே. எங்க உள்சுவத்துல பச்சையா வடியும். எங்கம்மா தொடச்சுத் தொடச்சு விடும். எங்கப்பா உங்கப்பாவக் கீழ கூட்டிட்டு வந்து காட்டினாரு. நான் அங்கதான் இருந்தேன். உங்கப்பா குனிஞ்சு உள்ள வந்து, செவுத்தத் தொட்டு, வெரலை மோந்து பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. கையக் கழுவணும், தண்ணி குடுன்னாரு. நான்தான் சொம்புல மொண்டு ஊத்தினேன். மறுநாள் காலி பண்ணச் சொல்லிட்டாரு.”

அவள் பஸ் வந்துவிட்டது. போகும்போது என் தோளைத் தொட்டு, “நீ ஒடம்பப் பாத்துக்க” என்றாள்.

அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். இடுப்பு முறிந்து படுக்கையில். உடம்புதான் போயிருந்தது, நினைவு கத்திபோல இருந்தது. மஞ்சூரிலிருந்து நான் நேராகக் குன்னூர் வீட்டுக்கு வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். அன்று வீட்டைச் சரிசெய்த வேலையைப் பற்றிக் கேட்டேன். சந்தோஷமாகிவிட்டார். கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது, மேஸ்திரி எந்த மூலையை முதலில் தோண்டினார், முட்டுக்கட்டை ஒருமுறை நழுவி யார் கால் தப்பியது, எல்லாம் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை.

“அப்பா, கீழ இருந்தாங்களே, அந்தக் குடும்பம். அவரு உங்ககிட்ட முன்னாலயே சொன்னாருங்களா, கொழாய் ஒடைஞ்சிருக்குன்னு?”

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“கீழயா?” என்றார். “கீழ யாரு கண்ணு இருந்தா? அது சும்மாதான கெடந்துச்சு.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது அப்பாவின் கண் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அது அப்படிப் போகவில்லை. அந்த வாழைத் தோட்டக் கதைகூட அவரிடம் மிச்சமில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.